போக்குவரத்து நெரிசலில் சிக்கும்போது எழும் பதற்றத்தைக் கையாளும் முறை

சென்னையில் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிய பிறகு வண்டிகள் நின்றுவிட்டால், இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அங்கே எரிச்சல் அடைபவர்கள் பலர். நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, உடனே வெளியேறியாக வேண்டும் என்ற தவிப்பு உடல் முழுவதும் பரவுவது வேறு நிலை. அந்த நிலையை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் மாலை வேளையில் மீண்டும் கார் ஓட்ட எனக்கு உதவிய வரிசையிலேயே படிகளைத் தருகிறேன்.

நெஞ்சு வலியோ மயக்கமோ முதல்முறையாக வந்திருந்தால், அதைப் பதற்றம் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தசோகையும் தைராய்டு மிகைச் சுரப்பும் கூடப் படபடப்பைத் தரும்.

படி 1: கிளம்பும் முன்

வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். மாலை நெரிசலுக்குள் நுழைவதற்கு முன் காபியைத் தவிர்ப்பது நல்லது. காபி தரும் படபடப்பும் பதற்றத்தின் படபடப்பும் உடலுக்கு ஒன்றுபோலவே தெரியும். வரைபடச் செயலியை ஒருமுறை பார்த்து வழியை முடிவு செய்தபின் திரையை அணைத்துவிடுங்கள், குரல் வழிகாட்டல் மட்டும் போதும். நெரிசலைக் காட்டும் அந்தச் சிவப்புக் கோட்டை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதைப்போல் பதற்றத்தை வளர்ப்பது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 2: வருவது என்னவென்று அறிதல்

பதற்றத்தின்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பதால் இதயத்துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. இந்த அலை பொதுவாக 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கும். "இது பதற்றம், இறங்கிவிடும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 3: மூச்சு

என்னை நெடுநாள் தடுக்கிய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "நன்றாக மூச்சை இழுத்து விடு" என்றே எல்லோரும் சொல்வார்கள். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். மேலும் மேலும் இழுக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. காற்றே போதவில்லை என்ற எண்ணமும் அதிலிருந்தே பிறக்கிறது, அந்த எண்ணம் இன்னும் ஆழமாக இழுக்கத் தூண்டுகிறது.

ஆகவே வெளிவிடுவதிலிருந்து தொடங்குங்கள். சூடான பாலை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, உள்ளிருக்கும் காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை சாதாரண அளவில் உள்ளே இழுத்து, 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். வயிறு அசைய வேண்டும், தோள் உயரக் கூடாது. மூச்சை அடக்கி வைக்கவும் வேண்டாம். எண்ணிக்கை பிசகினால் அதைப் பற்றிக் கவலைப்படாமல், வெளிமூச்சு நீளமாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். வண்டி முழுமையாக நின்றிருக்கும்போது மட்டும், கண்களைத் திறந்து வைத்தபடி செய்யுங்கள். வீட்டில் அமைதியாக இருக்கும்போது சில நாட்கள் பழகாமல் சாலையில் இதை முயல்வது பயன் தராது.

படி 4: கவனத்தை வெளியே திருப்புதல்

ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்துங்கள். முன்னால் நிற்கும் வண்டிகளின் எண்பலகைகளைப் படியுங்கள்: டி.என். 11 என்றால் தாம்பரம், 19 என்றால் செங்கல்பட்டு. எனக்குப் பாட்டைவிட யாராவது பேசும் ஒலிப்பதிவே உதவியது, சொற்களைப் பின்தொடர வேண்டியிருப்பதால் மனம் அதில் தங்குகிறது.

படி 5: சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்லுதல்

நெரிசலைக் கண்டதும் உட்தெருக்களுக்குள் புகுந்து தப்பும்போது பெரிய நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே அந்தச் சாலை ஆபத்தானது என்று மூளைக்குக் கற்பித்து, அடுத்த முறை பயத்தைக் கூட்டுகிறது. அதனால் எளிதானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் விநாடிகளைக் காட்டும் ஒரு சிக்னலில் நின்று பழகலாம். பிறகு ஞாயிறு காலை, வார நாள் முற்பகல், துணையோடு மாலை நேரம், கடைசியாகத் தனியாக. ஒரு நிலையில் பயம் மங்கிய பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஓட்டும்போது தலை சுற்றினால் இடப்புறம் ஒதுங்கி நிறுத்துவதில் தவறில்லை. தணிந்த பின் வீட்டுக்குத் திரும்பாமல் பயணத்தைத் தொடர்வதுதான் முக்கியம்.

பின்சேர்க்கை

வாசகர்கள் எழுதிய இரண்டு சிக்கல்களைச் சேர்க்கிறேன். கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்தைத் தவறவிடுவோமோ என்ற பயத்துக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. முன்னதாகக் கிளம்புவதும், தவறினால் அடுத்த பேருந்து எது என்று பார்த்து வைப்பதுமே வழி. சிறுநீர் அவசரம் வந்துவிடுமோ என்று அஞ்சி நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருப்பதாகப் பெண்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அது உடல்நலத்தைக் கெடுக்கும்; பகலில் போதுமான அளவு குடித்து, கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயத்தால் வேலைக்குச் செல்வதே தடைபட்டால், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைப்பவை.