டைனோசர் பொம்மை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொல்விலங்கு பொம்மைகளை அறிவியலுக்குப் பொருந்த வடிவமைக்க வேண்டும் என்ற ஆசையோடு வரும் புதியவர்கள் தங்கள் முதல் சிற்பங்களை என்னிடம் காட்டுவதுண்டு. நிறையப் படித்திருப்பார்கள், உழைப்பிலும் குறை இருக்காது. ஆனாலும் ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். வாலைத் தரையில் இழுத்துச் செல்லும் டைரனோசாரஸ், டைனோசரே அல்லாதிருந்தும் பெட்டிமேல் டைனோசர் என்று அச்சிடப்பட்ட டைமெட்ரோடான் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கொஞ்சம் படித்தாலே அவை சரியாகிவிடும். நன்றாகப் படித்தவர்களுக்கும் பிடிபடாமல் போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு பொம்மையைப் பார்த்துச் செய்வது

டிப்ளோடோகஸ் போன்ற நீள்கழுத்து டைனோசர்களின் முன்னங்காலைப் பாருங்கள். உள்ளங்கை எலும்புகள் செங்குத்தாக, அரைவட்டமாக நிற்கின்றன. தரையில் பதியும் தடம் பிறைபோல இருக்கும். விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு தெரியாது. நகம் என்று ஒன்று இருந்தால் அது கட்டைவிரலில் மட்டும்தான். எலும்பும் சொல்கிறது, கால்தடமும் சொல்கிறது. ஆனால் பொம்மைகளில் யானைக்கு இருப்பதுபோல வரிசையாக ஐந்து நகங்கள் வைத்துவிடுகிறார்கள்.

காரணம் எளிது. சிற்பி முந்தைய பொம்மையைப் பார்த்தார், அதைச் செய்தவர் அதற்கும் முந்தையதைப் பார்த்தார். பொதுவாகவே டைனோசர்களின் கையில் முதல் மூன்று விரல்களைத் தாண்டி நகம் கிடையாது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஸ்டெகோசாரஸ், டிரைசெராடாப்ஸ் பொம்மைகளை எடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் எலும்பைப் பார்க்காமலே வேலையை முடித்திருக்கிறார்கள் என்று புரியும். வேலை மேசையில் இருக்க வேண்டியவை எலும்புக்கூட்டு வரைபடம், அந்த விலங்கை விவரித்த ஆய்வுக் கட்டுரை, கிடைத்தால் கால்தடப் படங்கள். ஒரு அம்சம் பொம்மைகளில் மட்டும் தென்பட்டு எலும்பில் காணப்படாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டு வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வது

பெரும்பாலான எலும்புக்கூட்டு வரைபடங்கள் பக்கவாட்டில் வரையப்பட்டவை. அதில் அகலம் தெரியாது. கவசம் தரித்த அங்கிலோசாரஸின் உடல் மிக அகலமானது, மேலிருந்து பார்த்தால்தான் அது புரியும். பக்கவாட்டுப் படத்தை மட்டும் வைத்துச் செய்தால் இடமும் வலமும் நசுக்கப்பட்ட ஒரு விலங்கு வந்து நிற்கும். விலா எலும்பின் வளைவையும் இடுப்பின் அகலத்தையும் கட்டுரையில் தேடி எடுத்து, மேலிருந்தும் முன்னிருந்தும் நீங்களே ஒருமுறை வரைந்துவிட்டு அப்புறம் களிமண்ணைத் தொடுங்கள்.

எப்படி நிற்கும் என்பதைக் கடைசியில் யோசிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறையப் பணத்தை வீணாக்கும் தவறு இது, இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

ஒரு இளைஞர் கணினியில் செதுக்கிய அலோசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரைக் காட்டினார். முதுகு கிடைமட்டம், வால் பின்னால் நீண்டு உயர்ந்திருக்கிறது, ஒரு கால் தரையில், மறுகால் ஓட்டத்தில் மேலே. கணுக்காலின் மெலிவுகூட எலும்புக்குப் பொருத்தமாக இருந்தது. இது எதன்மேல் நிற்கும் என்று கேட்டேன். தொழிற்சாலையில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். பார்த்துக்கொண்டார்கள். முதல் மாதிரிகள் வந்தபோது மூக்கு குப்புற விழுந்தன. அடுத்து வந்தவற்றில் பாதம் பெருத்திருந்தது. அதற்கடுத்து கணுக்காலும் பெருத்தது. கடைசியில் தலையளவு நீளப் பாதத்தோடு ஒரு விலங்கு கடைக்குப் போனது. உடம்பு முழுக்க அவ்வளவு கவனமாகச் செய்த வேலைக்கு அந்தப் பாதங்களால் மதிப்பே இல்லாமல் போயிற்று.

திருத்தம் ஏன் எப்போதும் பெருக்கும் பக்கமே போகிறது? பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சு வெட்டியாகிவிட்டால், அதிலிருந்து இன்னும் கொஞ்சம் எஃகைக் குடைந்து எடுப்பது சுலபம். குடைந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடுதலாக நிரம்பும், பொம்மையின் அந்தப் பகுதி தடிக்கும். ஆனால் ஒரு பகுதியை மெலிய வைக்க வேண்டுமென்றால் எஃகைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அது கடினம், செலவும் அதிகம். நிற்கும் நிலையை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் புதிய அச்சுதான். அச்சு வெட்டிய பிறகு கையில் மிச்சமிருக்கும் ஒரே மலிவான வழி பாதத்தைப் பெரிதாக்குவது. அத்தனை பொம்மைகளுக்குப் படகு போன்ற பாதம் வந்தது இப்படித்தான்.

உயிருள்ள விலங்கு ஒவ்வொரு கணமும் தசையால் தன்னைச் சரிசெய்துகொண்டு நிற்கிறது. பொம்மைக்கு அது கிடையாது. அதன் ஈர்ப்பு மையம் பாதங்கள் தரையில் வளைத்திருக்கும் பரப்புக்கு நேர்மேலே விழ வேண்டும். ஒரு காலைத் தூக்கிவிட்டால் அந்தப் பரப்பு ஒற்றைப் பாதமாகச் சுருங்கிவிடும். சரி, கால்களை அகட்டி வைத்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஊனுண்ணி டைனோசர்களின் கால்தட வரிசைகளில் இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன. அகட்டி நடக்கும் அலோசாரஸ் பெரும்பாதம் கொண்ட அலோசாரஸைப் போலவே பொய்.

இன்னொரு கண்ணி உண்டு. முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D பிரிண்டர்) எடுத்த ரெசின் மாதிரி மேசையில் நன்றாக நிற்கும், அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். அந்த ரெசின் விறைப்பானது. விற்பனைக்கு வருவதோ மென்மையான பிவிசி பிளாஸ்டிக். வெப்பத்தில் அது இளகும், சொந்த எடையைத் தாங்கி நின்று நின்று கணுக்கால் மெல்ல மடியும். சேகரிப்பாளர்கள் சாய்ந்துபோன பொம்மையை வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் இறுக வைக்கிறார்கள். வாங்கியவர் தலையில் இந்த வேலையைக் கட்டக் கூடாது.

ஆகவே செதில் ஒன்றைக்கூடச் செதுக்குவதற்கு முன், கம்பியும் களிமண் உருண்டைகளுமாக ஒரு முரட்டு உருவம் செய்து நிற்க வையுங்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைத்தால் எடை எவ்வளவு பின்னே போகிறது என்று பாருங்கள். உடலின் முன்பாதியை உள்ளீடற்றதாகவும் வாலைத் திடமாகவும் வார்க்க முடியுமா என்று தொழிற்சாலையிடம் இப்போதே கேளுங்கள். பாதத்துக்கு விறைப்பான பிளாஸ்டிக் வைக்க முடியுமா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்விதான். எதுவும் ஒத்துவராவிட்டால் அடித்தளமோ கண்ணாடி போன்ற தாங்குகம்பியோ வையுங்கள். அடித்தளம் வைப்பதைத் தோல்வியாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உடலைத் திரிப்பதைவிட அது எவ்வளவோ மேல், அதன்மேல் சரியான கால்தடங்களையும் பதிக்கலாம்.

அல்லது உட்கார வையுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செயின்ட் ஜார்ஜ் நகரில், ஜுராசிக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த ஊனுண்ணி டைனோசர் ஒன்று குந்தி உட்கார்ந்த தடம் பாறையில் பதிந்திருக்கிறது. பாதம், இடுப்பின் பின்பகுதி, கை எல்லாம் அதில் தெரிகின்றன. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது, கணுக்கால் மடிய வழியில்லை, நேரடிச் சான்றும் இருக்கிறது. பொம்மைக்கு இதைவிட நல்ல நிலை என்ன வேண்டும்? ஆனாலும் புதியவர்கள் எல்லாரும் ஓட்டத்தையும் கர்ஜனையையுமே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கைகள்

ஊனுண்ணி டைனோசர்களின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும், தரையைப் பார்க்காது.

மண்டையோட்டின்மேல் தோலை ஒட்டுவது

மண்டையோட்டில் கண்ணுக்கு முன்னால் உள்ள துளை, கன்னத்தின் பின்னால் உள்ள துளைகள் எல்லாம் குழிகுழியாக வெளியே தெரியும்படி செதுக்குகிறார்கள். எலும்பைப் படித்திருக்கிறோம் என்று காட்டும் ஆசை. உயிருள்ள எந்த விலங்கின் முகத்திலாவது அப்படித் தெரிகிறதா? பின்துளைகளில் தாடைத் தசையும், கண்ணுக்கு முன்னால் உள்ள துளையில் காற்றறையும் நிரம்பியிருக்கும். கழுத்திலும் வாலின் அடியிலும் இதே கஞ்சத்தனம்தான். ஊனுண்ணிகளின் தொடையை இழுக்கும் பெரிய தசை வாலின் அடியிலிருந்துதான் வருகிறது, அங்கே வால் தடிமனாகவே இருக்க வேண்டும்.

பல்லும் இதில் அடங்கும். டைரனோசாரஸ் போன்றவற்றின் பற்களை உதடு மூடியிருந்திருக்கலாம் என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வாதிட்டது. விவாதம் முடியவில்லை. ஆனால் பொம்மை செய்பவருக்கு மூடிய வாய் வசதியானது. பாதுகாப்புச் சோதனைக்காகப் பற்களை மழுக்கி, மொட்டைக் குச்சிகளாக்க வேண்டிய தேவை இல்லாமல் போகும்.

செதிலைப் பெரிதாக்குவது

டைரனோசாரஸின் தோல் பதிவுகளில் காணும் செதில்கள் சில மில்லிமீட்டர் அளவுதான். 1:40 அளவில், அதாவது நிஜத்தில் நாற்பதில் ஒரு பங்கு நீளத்தில், அவை கண்ணுக்கே தெரியாது. அங்கே முதலையின் முதுகைச் செதுக்கினால் நிஜ அளவில் ஒவ்வொரு செதிலும் சாப்பாட்டுத் தட்டாகிவிடும். தோல் மடிப்புகளை வைத்து வேலை செய்யுங்கள்.

அளவு பற்றிப் பேசும்போது ஒன்று. ஆய்வுகள் தரும் நீளம் பெரும்பாலும் மூக்கிலிருந்து வால்நுனிவரை முதுகெலும்பின் வளைவோடு அளந்தது. 12 மீட்டர் விலங்கு 1:40இல் 30 சென்டிமீட்டர். ஆனால் கழுத்தும் வாலும் வளைந்த பொம்மையை நேர்கோட்டில் அளந்து 30 வரவைத்தால் விலங்கு தேவையைவிடப் பெரிதாகிவிடும்.

இறகு உடம்பு, வெறுங்கை

வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகள் இருப்பது 2007இல் வெளியானது. ஆகவே அந்தக் கை ஒரு சிறகு. இறகுகள் இரண்டாம் விரல்வரை தொடர வேண்டும். மணிக்கட்டில் நிறுத்தாதீர்கள்.

நிறம்

சைனோசராப்டெரிக்ஸ் என்ற சிறிய இறகு டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறி மாறி வந்த வளையங்கள் 2010இலேயே தெரிந்துவிட்டன. சான்று உள்ள விலங்குக்குக் கற்பனை நிறம் பூசாதீர்கள்.

தொல்லுயிரியலாளரிடம் பெட்டியோடு போவது

வண்ணம் பூசி முடித்த மாதிரியைக் காட்டி "சரியா இருக்கா?" என்று கேட்டால் அவரால் என்ன சொல்ல முடியும்? மாற்ற முடியாது என்று அவருக்கும் தெரியும். மரியாதைக்குத் தலையாட்டுவார். சாம்பல் நிறக் களிமண்ணாக, நிற்கும் நிலை மட்டும் முடிவான கட்டத்தில் போங்கள். எலும்பு கிடைத்த பகுதி எது, உறவினங்களிலிருந்து ஊகித்தது எது என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2020இல் ஸ்பைனோசாரஸின் வால் துடுப்பு போன்றது என்று தெரியவந்தபோது, அதற்குமுன் வந்த பொம்மைகளின் வால் எல்லாம் பழையதாகிவிட்டது. எந்தப் பகுதி ஊகம் என்று முன்பே குறித்திருந்தால், அதை அச்சில் தனித் துண்டாகப் பிரித்து வைக்கலாம். புதிய எலும்பு கிடைக்கும் நாளில் அந்தத் துண்டுக்கு மட்டும் அச்சு வெட்டினால் போதும்.