மேகசின் படிக்க டேப்லட் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு ஸ்கேல் எடுங்க

டேப்லட் வாங்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் ரேம் எவ்ளோ, ப்ராசசர் என்ன, கேமரா எத்தனை மெகாபிக்சல்னுதான் ஆரம்பிப்பாங்க. கேம் ஆடுறவங்களுக்கு, வீடியோ எடிட் பண்றவங்களுக்கு அது சரி. ஆனா நமக்கு வேண்டியது வாராவாரம் வர்ற பத்திரிகையை கண்ணு வலிக்காம படிக்கணும், அவ்ளோதான். கல்கி 2020லயே அச்சை நிறுத்திட்டு டிஜிட்டலுக்குப் போயாச்சு, விகடனுக்கு சொந்தமா ஆப் இருக்கு, பல பத்திரிகைகளை ஒரே இடத்துல தர்ற மேக்ஸ்டர் ஆப்ல சந்தா கட்டினா இங்கிலீஷ் தமிழ்னு குவிஞ்சு கிடக்கு. இதையெல்லாம் போன்லயே விரலால இழுத்து இழுத்துப் படிச்சு சலிச்சுப் போனவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. டெக்னிக்கலா எதுவும் தெரியாதுன்னாலும் பரவால்ல, படிப்படியாப் போவோம்.

ஸ்டெப் 1: நீங்க படிக்கறது எந்த வகைன்னு பாருங்க

டிஜிட்டல் மேகசின்னு சொன்னாலும் அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, அச்சுல வந்த பக்கத்தை அப்டியே படமா, பிடிஎஃப்பா காட்டுறது. லேஅவுட், விளம்பரம், கார்ட்டூன் எல்லாம் அதே இடத்துல இருக்கும், எழுத்தை மட்டும் பெருசாக்க முடியாது, பக்கத்தையேதான் ஜூம் பண்ணணும். இன்னொண்ணு, கட்டுரை கட்டுரையா வெறும் டெக்ஸ்டா வர்றது. அதுல எழுத்து அளவை நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்.

ரெண்டாவது வகைதான் உங்க படிப்பில முக்கால்வாசின்னா நீங்க ரொம்ப செலவு பண்ணவே வேணாம், 8 இன்ச் 9 இன்ச் டேப்லட்டே தாராளம், கீழ இருக்கற பாதி விஷயம் உங்களுக்குத் தேவையில்ல, நேரா ஸ்டெப் 5க்குப் போயிடுங்க. பக்கத்தை பக்கமாவே பார்க்கணும், நடுப்பக்கப் படத்தை படமாவே ரசிக்கணும்கறவங்களும், தமிழ் மின்னூலகம், நூலகம் டாட் ஆர்க் மாதிரி இடத்துல ஸ்கேன் பண்ணி வச்சிருக்கற பழைய இதழ்களைத் தேடித் தேடிப் படிக்கறவங்களும் தொடர்ந்து வாங்க. சும்மா சொல்லல, அந்த ரெண்டு தளத்துலயும் கொட்டிக் கிடக்கறதைப் பார்த்தா ஆயுசுக்கும் படிக்கலாம், அதுவும் இலவசமா.

ஸ்டெப் 2: ஸ்கேல் டெஸ்ட்

காசு செலவில்லாத டெஸ்ட் இது. வீட்ல லேப்டாப்போ கம்ப்யூட்டரோ இருந்தா நீங்க படிக்கற இதழோட ஒரு பக்கத்தை அதுல திறங்க. ஸ்க்ரீன் மேலயே ஸ்கேலை வச்சு, பக்கத்தோட அகலம் 11 சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் ஜூமைக் குறைங்க. இப்ப டேப்லட்டை கையில பிடிக்கற தூரத்துல கண்ணை வச்சுப் படிச்சுப் பாருங்க. அதுதான் 8.7 இன்ச் டேப்லட்ல தெரியப்போற அளவு. அடுத்து 15 சென்டிமீட்டருக்கு ஏத்துங்க, அது சாதாரண 11 இன்ச் டேப்லட். அடுத்து பதினாறரைக்கு ஏத்துங்க, அது எதுன்னு அடுத்த ஸ்டெப்ல சொல்றேன்.

இந்த மூணுல எந்த அளவுல உங்களால ஒரு முழுப் பக்கத்தை கண்ணைச் சுருக்காம படிக்க முடியுதோ அதுதான் உங்க சைஸ். ஆன்லைன்ல ரிவ்யூ எழுதினவரோட கண்ணு வேற, உங்க கண்ணு வேற. படிக்கும்போது கண்ணாடி போடறவங்கன்னா போட்டுக்கிட்டே டெஸ்ட் பண்ணுங்க. வீட்ல பெரியவங்களுக்கு வாங்கறீங்கன்னா அவங்களை உக்கார வச்சுப் பண்ணுங்க, நீங்க பண்ணிட்டு 'போதும்'னு முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 3: இன்ச் மட்டும் பார்க்காதீங்க, வடிவத்தைப் பாருங்க

இந்த விஷயத்தை கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. டேப்லட்டோட இன்ச் கணக்கு மூலைக்கு மூலை குறுக்கா அளக்கறது. அதனால ஒல்லியா நீளமா இருந்தாலும் அதே 11 இன்ச், கொஞ்சம் சதுரமா இருந்தாலும் அதே 11 இன்ச். பத்திரிகைப் பக்கமோ ஓரளவு அகலமானது. இதழுக்கு இதழ் அளவு மாறும், ஒரு கணக்குக்கு ஏ4 பேப்பர்னு வச்சுப்போம், 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 உயரம். அதாவது அகலத்தை மாதிரி 1.4 மடங்கு உயரம்.

பட்ஜெட் டேப்லட்ல பாதிக்கு மேல 16க்கு 10 வடிவம், அதாவது 1.6 மடங்கு. சினிமா பார்க்க செஞ்ச வடிவம். அதை நிமிர்த்திப் பிடிச்சு ஏ4 பக்கத்தைத் திறந்தா மேலயும் கீழயும் பட்டை பட்டையா இடம் வீணாப் போகும்.

கணக்கு போட்டே காட்டிடறேன். சாம்சங் டேப் ஏ9, 8.7 இன்ச். நிமிர்த்திப் பிடிச்சா அகலம் 11.3 சென்டிமீட்டர்தான். ஏ4 பக்கம் பாதியைவிட கொஞ்சம் பெருசாத் தெரியும், அச்சுல 10 பாயிண்ட்ல (பாயிண்ட்ங்கறது எழுத்தோட அளவு) இருந்த எழுத்து ஐந்தரை பாயிண்ட் ஆயிடும். மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே ஒரு காகிதம், அந்த லட்சணம்.

டேப் ஏ9 ப்ளஸ், ரெட்மி பேட் எஸ்இ ரெண்டும் 11 இன்ச். அகலம் 14.8 சென்டிமீட்டர் வரும், 10 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்ட் ஆகும். நல்ல கண்ணுக்கு ஜூம் பண்ணாமலே ஓடிடும். பக்கத்துக்கு மேலயும் கீழயுமா சேர்த்து கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் சும்மா கிடக்கும்.

இப்ப வேடிக்கை பாருங்க. 2021ல வந்த 9வது தலைமுறை ஐபேட் 10.2 இன்ச்தான், ஆனா அது 4க்கு 3 வடிவம். அதுல ஏ4 பக்கத்தைத் திறந்தா வர்ற எழுத்தும் அதே 7 பாயிண்ட்! முக்கால் இன்ச்சுக்கு மேல சின்ன ஸ்க்ரீன், ஆனா பக்கம் அதே சைஸ். வடிவம்னு நான் அடிச்சுக்கறது இதுக்குத்தான்.

2023 அக்டோபர்ல ஒன்பிளஸ் பேட் கோ வந்துச்சு, ஆரம்ப விலை 19,999. அதோட 11.35 இன்ச் ஸ்க்ரீன் 7க்கு 5 வடிவம், அதாவது 1.4 மடங்கு, ஏ4 பேப்பரும் ஏறக்குறைய அதேதான். பக்கம் ஓரத்துக்கு ஓரம் பொருந்தும், 10 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்ட் அளவுக்கு நிக்கும். ஸ்டெப் 2ல பதினாறரை சென்டிமீட்டர்னு சொன்னது இதைத்தான். அந்த மாடலேதான் வாங்கணும்னு சொல்லல, மாடல் வரும் போகும், நீங்க வாங்கற நேரத்துல இந்த வடிவத்துல எது இருக்குன்னு தேடுங்க. ஸ்பெக் பட்டியல்ல ரெசல்யூஷன்னு, அதாவது ஸ்க்ரீன்ல நீளத்துக்கு எத்தனை பிக்சல் புள்ளி, அகலத்துக்கு எத்தனைன்னு ரெண்டு நம்பர் இருக்கும், பெரிய நம்பரை சின்ன நம்பரால வகுங்க. 1.4க்கு பக்கத்துல வந்தா பத்திரிகைக்கு ஏத்தது, 1.6ன்னா பரவால்ல, அதுக்கு மேல போனா வேணாம்.

ஏற்கனவே வீட்ல 8 இன்ச் கிடக்குதுங்கறவங்க தூக்கிப் போட்டுடாதீங்க. படுக்கை வாக்குல திருப்பிப் பிடிச்சு பக்கத்தோட அகலம் முழுசும் நிறைய வச்சீங்கன்னா அச்சுல இருந்ததுல 80, 90 சதவீதம் அளவுக்கு எழுத்து தெரியும், என்ன, ஒரு பக்கத்துக்கு மூணு நாலு தடவை மேல தள்ளணும்.

ஸ்டெப் 4: ரெசல்யூஷன், தமிழுக்கு கொஞ்சம் கூடவே வேணும்

இங்கிலீஷ் எழுத்து மங்கலா இருந்தாலும் மூளை ஒப்பேத்திடும். தமிழ்ல புள்ளி ஒண்ணு காணாமப் போனா போச்சு, 'க்' எது 'க' எதுன்னே தெரியாது, சுழியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நிமிர்த்திப் பிடிக்கும்போது குறுக்க 800 பிக்சல்தான் இருக்குன்னா, மூணு பத்தியா பிரிச்ச பக்கத்துல ஒரு பத்திக்கு ஓரம் போக 250கூட தேறாது. அதனால சின்ன நம்பர் குறைஞ்சது 1200 இருக்கணும், 1920க்கு 1200ன்னு போட்டிருந்தா ஓகே. 1340க்கு 800, 1280க்கு 800 எல்லாம் பக்கமாப் படிக்கறவங்களுக்கு ஆகாது. பெட்டி மேல 'ஹெச்டி'ன்னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க, நம்பரைக் கேளுங்க.

ஸ்டெப் 5: மத்ததெல்லாம் சீக்கிரமா

ரேம் 4 ஜிபி போதும். '4 ப்ளஸ் 4'னு எழுதியிருந்தா அந்த ரெண்டாவது 4 நிஜ ரேம் கிடையாது, ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்கறது, அதை எண்ணாதீங்க. ஸ்கேன் பண்ணின பழைய இதழ் பிடிஎஃப் கனமா இருக்கும், அதை மட்டுமே படிக்கறவங்க நிஜமாவே 6 ஜிபி பார்க்கலாம். ஸ்டோரேஜ் 64 இருந்தா சமாளிக்கலாம், 128 நிம்மதி. மெமரி கார்டு போட இடம் இருந்தா பிடிஎஃப்பையெல்லாம் அங்க தள்ளிடலாம், ஆனா சந்தா ஆப்ல டவுன்லோட் பண்ற இதழ் கார்டுக்குப் போகும்னு எல்லா ஆப்லயும் எதிர்பார்க்க முடியாது.

சிம் போடற மாடலுக்கு கூடுதலா ரெண்டு மூவாயிரம் கேப்பாங்க, தேவையில்ல, வீட்ல வைஃபை இல்லாட்டி போன் ஹாட்ஸ்பாட் இருக்கு, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இதழை டவுன்லோட் பண்ணிட்டா ட்ரெயின்ல நெட்டே வேணாம். கேமரா, 90 ஹெர்ட்ஸ், நாலு ஸ்பீக்கர் இதுக்கெல்லாம் தனியா காசு குடுக்காதீங்க, கூட வந்தா வரட்டும்.

எடை மட்டும் கவனிங்க. 11 இன்ச் எல்லாம் கிட்டத்தட்ட அரைக்கிலோ, கவர் போட்டா இன்னும் ஏறும். படுத்துக்கிட்டே படிக்கறவங்க நிமிர்ந்து நிக்கற மாதிரி ஒரு ஸ்டாண்ட் கவர் வாங்கிடுங்க, இல்லன்னா கைவலியோட நிக்காது, மூக்கு மேலயும் விழும்.

கிண்டில் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

நாவல் படிக்க கிண்டில் அருமை, கண்ணுக்கு இதம், பேட்டரி வாரக்கணக்குல நிக்கும். மேகசினுக்கு சரிப்படாது. சாதாரண கிண்டில் கருப்பு வெள்ளை, ஸ்க்ரீன் 6, 7 இன்ச், பெரிய பக்கத்தை ஜூம் பண்ணி நகர்த்தினா அது நகர்றதுக்குள்ள பொறுமை போயிடும். போதாக்குறைக்கு அமேசானே கிண்டில்ல தனித்தனியா பத்திரிகை சந்தா விக்கறதை 2023 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க.

ஸ்டெப் 6: ரொம்ப மலிவா இருந்தா சந்தேகப்படுங்க

ஆன்லைன்ல பேர் கேள்விப்படாத கம்பெனி, நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபா, '2கே டிஸ்ப்ளே, 12 ஜிபி ரேம்'னு விளம்பரம். அந்த விலைக்கு அது வர வாய்ப்பே இல்ல. இந்தியாவுல விக்கற டேப்லட்டுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், பெட்டியிலயோ பின்பக்கத்துலயோ 'ஆர்'னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அந்த நம்பரை அடிச்சா எந்தக் கம்பெனி எந்தப் பொருளுக்கு வாங்கினதுன்னு காட்டும். டேப்லட் கைக்கு வந்ததும் ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல 'அபௌட்' பகுதிக்குப் போய் ப்ளே ப்ரொடெக்ட் சான்று, அதாவது கூகுள் அந்த சாதனத்துக்குக் குடுக்கற சான்று இருக்கான்னு பாருங்க. இல்லன்னு வந்தா திருப்பி அனுப்பிடுங்க, பணம் கட்டி சந்தா ஆப் போடற சாதனம் அது.

ஸ்டெப் 7: கடையில என்ன பண்ணணும்

ஆன்லைன்ல வாங்கறதா இருந்தாலும் ஒரு தடவை ஷோரூமுக்குப் போய் அந்த மாடலை கையில பிடிச்சிடுங்க. போகும்போது நீங்க படிக்கற இதழோட பிடிஎஃப் ஒண்ணை கூகுள் ட்ரைவ்ல போட்டு எல்லாரும் திறக்கற மாதிரி லிங்க் வச்சுக்கோங்க, டெமோ பீஸ்ல அதைத் திறக்கச் சொல்லுங்க. ஓடிக்கிட்டிருக்கற டெமோ வீடியோ எந்த ஸ்க்ரீன்லயும் அழகாத்தான் இருக்கும், அதை வச்சு முடிவு பண்ண முடியாது. சின்ன எழுத்து இருக்கற பக்கமாப் பாருங்க, பக்கத்தைத் திருப்பும்போது எழுத்து தெளிவாக எவ்ளோ நேரமாகுதுன்னு பாருங்க, ட்யூப்லைட் வெளிச்சம் ஸ்க்ரீன்ல எவ்ளோ பளிச்சுன்னு அடிக்குதுன்னு சாய்ச்சுப் பாருங்க.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல பழைய ஐபேட் கிடைக்கும், 4க்கு 3 வடிவத்துக்காக ஆசை வரும், தப்பில்ல. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்: பழைய ஓனரோட ஆப்பிள் ஐடி முழுசா எடுத்திருக்கணும், அப்புறம் உங்களுக்கு வேண்டிய மேகசின் ஆப்பை அங்கயே ஆப் ஸ்டோர்ல இருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கணும். ரொம்பப் பழைய மாடல்ல ஆப் இறங்கவே இறங்காது.

அவசரம் இல்லன்னா தீபாவளிக்கு முன்னாடி வர்ற ஆன்லைன் சேல் வரைக்கும் பொறுங்க. அமேசான், ஃப்ளிப்கார்ட் ரெண்டுலயும் போன வருஷ மாடல் அப்பதான் நல்லா இறங்கும். படிக்கறதுக்கு போன வருஷ மாடலே போதும்.

ஸ்டெப் 8: வாங்கினதும் செய்ய வேண்டியது

ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள ஒரு இதழை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் அதுல படிச்சு முடிங்க. ஸ்க்ரீன்ல கறை, ஓரத்துல வெளிச்சம் கசியறது, ஓவரா சூடாகறது எல்லாம் அப்பதான் தெரியும்.

செட்டிங்ஸ்ல ஆட்டோ ரொடேட்டை ஆஃப் பண்ணுங்க, படுத்துப் படிக்கும்போது பக்கம் திரும்பிக்கிட்டே இருக்காது. ராத்திரிக்கு ஐ கம்ஃபர்ட் (ஸ்க்ரீனோட நீல வெளிச்சத்தைக் குறைக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, பிரைட்னஸை ரூம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி இறக்குங்க. நோட்டிஃபிகேஷனை எல்லாம் அணைச்சிடுங்க, வாட்ஸ்அப்பை அதுல போடவே போடாதீங்க, இது என் கண்டிஷன்.

பிடிஎஃப்க்கு ரீட்எரான்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம், விளம்பரம் வராது. அதுல பக்க ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணினா அதே ஸ்க்ரீன்ல எழுத்து ஒரு சுத்து பெருசாகும். பழைய ஸ்கேன்கள்ல ஓரம் நிறைய விட்டிருப்பாங்க, அங்க நல்லாவே வித்தியாசம் தெரியும்.

சந்தா ஆப்ல முதல் மாசம் இலவசம்னு கார்டு நம்பர் குடுத்தீங்கன்னா ஆட்டோ ரினியூவல் ஆன் ஆகியிருக்கும், வருஷ சந்தா பிடிச்சதுக்கப்புறம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அன்னைக்கே போய் அணைச்சிடுங்க. சிங்கப்பூர்ல இருக்கறவங்க சந்தா கட்டறதுக்கு முன்னாடி தேசிய நூலக வாரிய உறுப்பினர் கணக்கை வச்சு லிபி, ப்ரெஸ்ரீடர் ஆப் ரெண்டையும் திறந்து பாருங்க, நீங்க காசு குடுக்க இருந்த இதழ் அங்க சும்மாவே கிடைக்கலாம்.