குறும்புக்காரக் குடும்பம்: 64 பக்கச் சிறார் நாவல் எழுதும் முறை

ஏழு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு எட்டு அத்தியாயம் போதும். அத்தியாயத்துக்குச் சுமார் 600 சொல், இரண்டு கோட்டோவியம். டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில், 14 பாயின்ட் எழுத்தில் அது ஏறக்குறைய ஏழு பக்கம் வரும். எட்டேழு ஐம்பத்தாறு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் படம் எல்லாம் சேர்த்தால் 64. ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதிக்கு ஃபாரம் என்று பெயர். பதினாறு பக்க ஃபாரம் நான்கோடு கணக்கு முடிந்துவிடும். 66 பக்கம் ஆனால் அரை ஃபாரமாவது கூடுதலாக ஓட்டவேண்டும். மிச்சத் தாள் வீண், விலையும் ஏறும்.

குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பெயர்கள் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும். கவினும் கவிதாவும் ஒரே வீட்டில் இருந்தால் வாசிக்கும் பிள்ளை தடுமாறும்.

பிள்ளைகள் மட்டும் குறும்பு செய்து பெரியவர்கள் கண்டிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை, மறைக்க ஒரு ரகசியம் வேண்டும். அப்போதுதான் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. கதை தானாக ஓடும். சர்க்கரை நோய் உள்ள பாட்டி நான்கு அதிரசத்தைப் பழைய இட்லிக் கொப்பரையில் ஒளித்துவைக்கிறார் என்று வையுங்கள். பேத்தி ஒன்றைத் தின்றுவிட்டு, கணக்குக் குறையாமலிருக்க அங்கே ஒரு பருப்பு வடையை வைக்கிறாள். ராத்திரி அப்பா வருகிறார். வடையைக் கடித்தும் கத்த முடியாது, அம்மா விழித்துவிடுவார். அடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவுகிறார். காலையில் எறும்பு வரிசை கொப்பரையை விட்டு ஆணியில் தொங்கும் சட்டைக்குப் போகிறது. அம்மாவைக் கடைசி அத்தியாயம் வரை யோக்கியராகவே வைத்திருங்கள். அவருடைய அரிசி டப்பா கடைசியில் திறக்கட்டும்.

வடை இருப்பது வாசகருக்கு முன்பே தெரியவேண்டும், அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அதை மறைத்தால் ஒரு நொடி அதிர்ச்சிதான் மிஞ்சும். காட்டிவிட்டால் அவர் இருட்டில் நடந்து வரும் அரைப் பக்கமும் சிரிப்பு.

வாக்கியத்திலும் கவனம் வேண்டும். “கொப்பரைக்குள் வடை இருந்ததை அப்பா கடித்த பிறகே உணர்ந்தார்” என்றால் வடை நடுவில் புதைந்துபோகிறது. இப்படி உடையுங்கள்: “அப்பா உள்ளே கை விட்டார். வட்டமாக இருந்தது. விளிம்பு மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. கடித்தார். பச்சை மிளகாய்!” இதற்குப் பிறகு “எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்” என்று எழுதாதீர்கள். சிரிக்கவேண்டியது வாசிப்பவர்.

அடுப்பு, மின்சாரம், கிணறு, மருந்து இவற்றைக் குறும்புக்கு இழுக்காதீர்கள். பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். குண்டு, கறுப்பு, திக்குவாய் என்ற கேலி மலிவானது, வேண்டவே வேண்டாம். முடிவில் தாத்தா வந்து அறிவுரை சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

எழுதியதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்து, சிரிப்பு வந்த இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பின்னால் நிற்கும் ஆசிரியர் மட்டும் சிரித்த வரியை, எவ்வளவு பிடித்திருந்தாலும், வெட்டுங்கள். “யாரு அது?” என்று கேள்வி வந்தால் அந்தப் பக்கத்தில் ஆட்கள் அதிகம்.

ஓவியருக்குக் கதையோடு சமையலறையின் வரைபடத்தையும் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் பரணில் இருந்த கொப்பரை நான்காவதில் ஜன்னலோரம் போனால், பிழை திருத்துபவர் விட்டாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்.