நம்மட ஊர்ப் பழைய வீட்டை வச்சு இளம் வயசுக்காரருக்கு ஒரு கோதிக் ஃபேன்டசி எழுதுறது எப்படி

ஓஎல் ஏஎல் படிக்கிற புள்ளைகள் நிறையப் பேருக்கு இந்த மாதிரிக் கதை எழுத ஆசை இருக்கு, இருட்டு வீடு, செத்துப்போன சொந்தம், குடும்பத்துல யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம். ஆனா பேனையை எடுத்த உடனே பனி விழுற மலையும் கோட்டையும் மெழுகுதிரியும்தான் வருது. கோதிக் நாவல் 1764ல இங்கிலாந்துல தொடங்கினதாத்தான் பொதுவாச் சொல்லுவாங்க, அங்க கோட்டை கிடந்தது அதால கதையில கோட்டை வந்தது, அவ்வளவுதான். நமக்கு வீடு இருக்கு.

மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான் போகும், அம்மம்மாட்ட இருந்து அம்மாக்கு, அம்மாட்ட இருந்து மகளுக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருப்பார், குடி எண்டு சொல்ற குலமும் தாய்வழியாத்தான் வரும். இதை ஒருக்கா வடிவா யோசிங்க. வெளிநாட்டுக் கதைகள்ல பெரும்பாலும் அந்தப் பொண்ணு வேற ஒருத்தர்ர வீட்டுக்குப் புதுசாப் போய்த்தான் மாட்டுவா, நம்மட கதையில அவள் வளர்ந்த வீடே நாளைக்கு அவளுக்கு எழுதப்போற வீடு, அதுக்குள்ள கிடக்கிற ரகசியமும் வீட்டு உறுதிப் பத்திரத்தோட சேர்ந்து அவளுக்குத்தான் வரும், விட்டுட்டு ஓட ஏலா. இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சிட்டீங்க எண்டா பாதிக்கதை கைக்கு வந்திரும். விளங்குறதுக்காக ஒரு கதையை உருவாக்கிக்கொண்டே போறன், நீங்க உங்கட கதையை அதுக்குப் பக்கத்துல வச்சு எழுதிக்கொண்டு வாங்க.

படி 1: வீட்டைக் கீறுங்க

எழுத முதல் ஒரு கொப்பித்தாள்ல வீட்டைக் கீறுங்க. விறாந்தை, சாமி அறை, பின்னால தனியா குசினி, கிணறு, வளவு எல்லாம் வரட்டும். எந்தக் கதவு திறக்கிறல்ல எண்டு அதுல அடையாளம் போடுங்க. வீட்டுக்கு வயசு காட்டணும், அதுக்கு "பழமையான வீடு" எண்டு எழுதினா ஒண்டும் தெரியாது, 1978 நவம்பர் 23 சூறாவளியில ஓடு பறந்து மறுகா போட்ட கூரை, ஆனா சுவர் அம்மம்மாட அம்மா காலத்துச் சுவர், மேல புதுசு கீழ பழசு எண்டு எழுதுங்க, வாசிக்கிற ஆளுக்கு வீடு கண்ணுக்குள்ள வந்திரும்.

என்ட கதையில வீடு படுவான்கரையில, அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், ஒரு கற்பனை ஊர்ல கிடக்கு. குருமண்வெளியில பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கிப் போற மாதிரி வச்சிருக்கன், ஏனெண்டா தண்ணியைக் கடந்து போற வீடு எண்டாலே வாசிக்கிறவங்களுக்கு ஒரு பயம் பிடிக்கும், அந்தி பட்டாப் பாதை ஓடாது, மறுகா விடியிறவரைக்கும் அங்கதான். கதையிட நாயகி துளசிக்குப் பதினாறு வயசு, தாய் நோய் வருத்தத்துல செத்து, கிழக்குப் பக்கத்து எழுவான்கரையில இருந்து அம்மம்மாட வீட்டுக்கு வாறாள். வருசம் 2014.

படி 2: பனியை விடுங்க, கச்சான் காத்தை எடுங்க

மூடுபனி இல்லாம பயம் வராது எண்டு நினைக்காதீங்க. கச்சான் காத்து வீசுற காலத்துல மேற்கால இருந்து அனல் மாதிரி அடிக்கும், கதவெல்லாம் தானா ஆடும், கிணத்துத் தண்ணி கீழ போகும். தண்ணி இறங்க இறங்க கிணத்துச் சுவர்ல இதுவரைக்கும் காணாத ஒண்டு தெரியத் தொடங்குது எண்டு எழுதினா எப்படி இருக்கும்! இல்லாட்டி மாரியை எடுங்க, வெள்ளம் வந்து ரோட்டு மூடிப் போய் மூண்டு நாள் ஊரே தனிச்சுப் போகும். ரெண்டுல ஒண்டைத்தான் எடுக்கணும், ரெண்டையும் போட்டா ரெண்டும் வேலை செய்யாது. நான் கச்சானை எடுக்கிறன், காரணம் கீழ வரும்.

படி 3: துக்கத்தை முதல்ல எழுதுங்க, பேயைப் பிறகு

இதுல அவசரப்படாதீங்க, கதையிட உசிர் இங்கதான் இருக்கு. இந்த வயசுப் புள்ளை துக்கப்படுறது பெரிய ஆக்கள் துக்கப்படுறது மாதிரி இருக்காது. செத்தவீட்டுல அழாம நிண்டிட்டு எட்டாம் நாள் சடங்கு முடிஞ்ச பிறகு ஃபோன்ல தாய்ட பழைய வொய்ஸ் மெசேஜ் ஒண்டு வந்து நிக்க, அதுல "வரக்குள்ள வெங்காயம் வாங்கிட்டு வா மகள்" எண்டு மட்டும்தான் இருக்கும், அதைக் கேட்டுட்டு சோத்துக் கோப்பையைத் தூக்கி எறிவாள். கூட்டாளிமாரோட சிரிப்பாள், சிரிச்சதுக்காகத் தன்னையே வெறுப்பாள், பசிக்கும், பசிக்கிறதே துரோகம் மாதிரி இருக்கும். "அவள் சோகத்தில் ஆழ்ந்தாள்" எண்ட வசனம் வந்தா வெட்டுங்க, அதுக்குப் பதிலா அவள்ட கை என்ன செய்யுது எண்டு எழுதுங்க. தாய்ட சீப்புல கிடக்கிற மயிரை எடுக்காமலே அந்தச் சீப்பை வச்சிருக்காள், அது போதும்.

நம்மட பக்கத்துல துக்கத்துக்கு நாள் இருக்கு, எட்டு, முப்பத்தொண்டு, ஆண்டுத்திவசம். சொந்தம் எல்லாம் வந்து சமைச்சுப் படைச்சு, "போயிட்டா" எண்டு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொள்ற நாள்கள் அதுகள். ஆனா உடம்பே கிடைக்காத ஆக்களுக்கு? 1990 ஜூன்ல உள்நாட்டுப் போர் திருப்பித் தொடங்கின பிறகு கிழக்குல எத்தனையோ வீட்டுல ஒரு ஆள் போய் வரவே இல்ல, அந்த வீடுகள்ல எட்டும் இல்ல முப்பத்தொண்டும் இல்ல, வெளியில போன ஆளுக்கு வச்ச மாதிரி ஒரு கோப்பைச் சோறு மூடிக் கிடக்கும். பேய்க் கதையை விட இது கனமான விஷயம். உங்கட கதை இந்தப் பக்கம் போகுது எண்டா தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே எடுத்து எழுதாதீங்க. அப்படிக் காணாமப் போன ஆக்கள்ட தாய்மார் இன்னும் ஃபோட்டோவைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டுல நிக்கிறாங்க, அவங்கட்ட கேக்காம அவங்கட கதையை எடுக்க நமக்கு உரிமை இல்ல. மனசை மட்டும் எடுங்க, ஆளையும் சம்பவத்தையும் நீங்களே உருவாக்குங்க.

படி 4: ரகசியத்தை ஒரே வசனத்துல எழுதி வைங்க

தொடங்குற ஆக்கள் நிறையப் பேர் ரகசியம் என்னெண்டு தெரியாமலே எழுதிக்கொண்டு போவாங்க, பத்தாவது அத்தியாயத்துல நிண்டிரும். முடிவை முதல்ல எழுதுங்க. என்ட கதையிட ரகசியம் இதுதான்: துளசிட அம்மா பத்து வயசுல காய்ச்சல்ல கிடந்தக்குள்ள, மருந்து எடுத்து வரச் சொல்லி அம்மம்மாதான் மூத்த மகள் மலரை ராவுல தோணியில அனுப்பினவ, மலர் திரும்பி வரல்ல.

இப்ப மூண்டு கேள்வி கேளுங்க. யாருக்கு இது தெரியும்? யாரைக் காப்பாத்த மறைச்சாங்க? மறைச்சதால எது நிண்டு போய்க் கிடக்கு? இங்க அம்மம்மா மறைச்சது தனக்காக மட்டும் இல்ல, "எனக்கு மருந்து எடுக்கப் போய்த்தான் அக்கா இல்லாமப் போனா" எண்டு சின்ன மகள் காலம் பூரா சுமக்கக் கூடாது எண்டுதான். அன்பால மறைச்ச ரகசியம்தான் உடைக்கக்குள்ள கூட வலிக்கும், கெட்டவன் ஒருத்தனை வச்சு எழுதினா துளசிக்கு கோவம் மட்டும்தான் வரும். நிண்டு போன விஷயம் வீடு. மலருக்குக் கல்யாணம் பேசி வீட்டை அவட பேர்ல எழுதியாச்சு, இப்ப துளசிக்கு மாத்தணும் எண்டா மலர்ட மரணச் சான்றிதழ் கேப்பாங்க, அம்மம்மா அதுக்கு விண்ணப்பம் போட மாட்டா. துளசி உறுதியில தெரியாத ஒரு பேரைக் காண்றதுதான் என்ட முதல் அத்தியாயத்துக் கடைசி வரி.

படி 5: மாயத்துக்கு ஒரு சட்டம், ஒரு விலை

மட்டக்களப்பான் மந்திரம் போட்டு வந்த ஆளைப் பாயோட ஒட்ட வைப்பான் எண்டு ஒரு கதை நாடு முழுக்க இருக்குத்தானே, அதை நம்பி மந்திரவாதி ஒருத்தரைக் கொண்டு வந்து எல்லாத்தையும் அவர் கையில குடுத்திராதீங்க. மாயம் ஊர்ல இருந்து வரட்டும், ஆனா புதுசா இருக்கட்டும்.

மட்டக்களப்பு வாவியில கல்லடிப் பாலத்தடியில நிலாக் காலத்துல மீன் பாடுறதைக் கேக்க, தோணியில போய் துடுப்பிட ஒரு முனையைத் தண்ணிக்குள்ள வச்சு மத்த முனையில காதை வைப்பாங்க. இதுல இருந்துதான் என்ட சட்டத்தை எடுத்தன். பூட்டின அறைக்குள்ள ஒரு துடுப்பு கிடக்கு. அதைத் தண்ணிக்குள்ள விட்டுக் காது வச்சா செத்தவங்கட குரல் கேக்கும், செத்தவங்கட குரல் மட்டும்தான். விலை என்னெண்டா ஒவ்வொருக்கா கேக்கக்குள்ளயும் அந்த ஆளைப் பற்றின ஒரு ஞாபகம் உங்கட்ட இருந்து போயிரும். துளசி தாய்ட குரலைக் கேக்கக் கேக்க தாய்ட முகம் மறக்குது.

இப்ப அம்மம்மா ஏன் அந்த அறையைப் பூட்டினா எண்டு பாருங்க. துடுப்புல மலர்ட குரல் கேட்டா மலர் செத்திட்டா எண்டு அர்த்தம். இருபத்திநாலு வருசமா அவ கேக்கல்ல, கேக்காதவரைக்கும் மகள் எங்கயோ இருக்கா. சட்டமும் ரகசியமும் இப்படி ஒண்டுக்குள்ள ஒண்டு போய்ப் பூட்டணும், உங்கட கதையில அது நடக்கல்ல எண்டா மாயத்தை மாத்துங்க, ரகசியத்தை மாத்தாதீங்க.

படி 6: ஒரு நாளைக் குறிங்க

கதைக்கு ஒரு கெடு வேணும். கண்ணகி அம்மன் கோயில் நிறைய நம்மட பக்கத்துல வருசத்துல ஒருக்கா வைகாசியிலதான் கதவு திறக்கும், சடங்கு நடந்து குளிர்த்தியோட முடியும். புருசனை இழந்து கொதிச்சு நிண்ட ஒரு பொம்புளைட கோவத்தை ஊரே சேர்ந்து குளிர வைக்கிற சடங்கு அது, துக்கக் கதைக்கு இதை விட என்ன வேணும். கச்சான் காலமும் அதோட சேர்ந்து வரும், அதாலதான் அதை எடுத்தன். கோயில்க் கதவு திறக்கிற நாள்ல வீட்டு அறைக் கதவும் திறக்குது, குளிர்த்திக்கு முதல் துளசி முடிவெடுக்கணும். கோயிலை வெறும் பயமுறுத்துற இடமா மட்டும் காட்டாதீங்க, கும்பிடுற ஆக்கள் வாசிப்பாங்க.

முடிவை எடுக்கிறது துளசியாத்தான் இருக்கணும். மாமா வந்து, ஐயர் வந்து, பொலிஸ் வந்து முடிச்சு வச்சா அது இந்த வயசுக்காரருக்கான கதை இல்ல. அவள் மலர்ட குரலைக் கேட்டிட்டாள், அம்மம்மாட்ட சொல்றதா விடுறதா?

படி 7: கதைக்கிற மாதிரி எழுதுங்க

விவரிப்பு எந்தத் தமிழ்லயும் இருக்கலாம், பேச்சு வீட்டுப் பேச்சா இருக்கணும்.

"ஏன் அம்மம்மா அந்த அறையப் பூட்டி வச்சிருக்கீங்க?"
"அது கிடக்கட்டும் புள்ள. நீ திண்டயா?"

பதில் சொல்லாம சாப்பாட்டைக் கேக்கிறதுதான் நம்மட வீடுகள்ல ரகசியத்தைக் காக்கிற விதம். இதை நல்லாப் பாவியுங்க.

நாவல் எண்டு பயந்தா முதல்ல மூவாயிரம் சொல்லுக்குள்ள ஒரு சிறுகதையா எழுதுங்க. ஃபோன்லயே கூகுள் டாக்ஸ்ல எழுதலாம், டைப் பண்ணக் கஷ்டம் எண்டா தமிழ்ல வொய்ஸ் டைப்பிங் இருக்கு, பேச்சு வரிகளுக்கு அது நல்லம், மறுகா பிழை திருத்துங்க.

முடிஞ்ச உடனே போட்டிக்கு அனுப்பாதீங்க. ஒரு கிழமை வச்சிட்டு, யாரையாவது இழந்த ஒரு ஆளுக்கு, அவங்க சம்மதிச்சா மட்டும், மூண்டாம் படியில எழுதின பகுதியை வாசிச்சுக் காட்டுங்க. "இது அப்படி இருக்காது" எண்டு அவங்க சொல்ற இடத்துல பென்சிலால கோடு போட்டு, அந்த இடத்துல இருந்து திருப்பி எழுதத் தொடங்குங்க.