புல்லட் முன் பிரேக் பிடிக்கலையா? புது பிரேக் ஷூ வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் வண்டி அருமையா ஓடுது, பிரேக் மட்டும் நிக்க மாட்டேங்குதுன்னுதான் சொல்றாங்க, அப்புறம் நேரா டிஸ்க் மாத்த கிளம்பிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. திருவொற்றியூர் ஃபேக்டரில போட்ட அந்த 7 இன்ச் முன் டிரம் இருக்கே, ரெண்டு கேம் வச்சது, அதை ஒழுங்கா செட் பண்ணா அந்த வண்டி போற வேகத்துக்கு தாராளமா போதும். டிரம்முக்குள்ள வளைஞ்ச ரெண்டு ஷூ இருக்கும், பிரேக் பிடிச்சா கேம் திரும்பி அதை வெளிப்பக்கமா தள்ளும். அந்த ஷூ டிரம்ல முழுசா படணும், அவ்வளவுதான் விஷயம்.

என் வண்டிக்கு ஒரே வருஷத்துல ரெண்டு செட் ஷூ போட்டேன், ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் ஒருநாள் லைனர் மேல, அதாவது ஷூ மேல ஒட்டியிருக்கிற உராயுற பட்டை மேல, முழுக்க சாக்பீஸ் தேய்ச்சு, ஷூவைத் தாங்குற பிளேட்டை மாட்டி, வீலை சுத்திவிட்டு லேசா பிரேக் பிடிச்சு கழட்டிப் பார்த்தேன். ஒரு ஷூல நடுவுல கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிஞ்சிருக்கு, இன்னொண்ணுல ஒரு ஓரமா ஒரு கோடு, மத்த இடமெல்லாம் வெள்ளை வெளேர்னு அப்படியே இருக்கு. லைனர்ல கால்வாசிகூட வேலை செய்யல, இதை வச்சுக்கிட்டு லீவரை எவ்வளவு அழுத்தினாலும் எப்படி நிக்கும்?

அதனால நீங்களும் முதல்ல சாக்பீஸ் டெஸ்ட் பண்ணுங்க. டிரம்மை திறக்கும்போது தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைச்சு எடுங்க. லைனர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சா போதும், ஆனா பேரிங் கிரீஸ் ஊறிப்போன ஷூவை காப்பாத்த முடியாது, தூக்கிப் போட்டுடுங்க.

லீவர்ல விட்டு விட்டு துடிக்குதா, அப்ப டிரம் வட்டமா இல்லன்னு அர்த்தம். ஸ்போக் இழுக்கிற இழுப்புல டிரம் லேசா முட்டை மாதிரி ஆயிடும், அதனால வீலோட நடுவுல டிரம் இருக்கிற ஹப்பை மட்டும் தனியா கழட்டி லேத்துல (கடைசல் மெஷின்ல) கொடுத்து பிரயோஜனமே இல்ல, திரும்ப ஸ்போக் கட்டினதும் மறுபடி கோணிக்கும். ஸ்போக் கட்டி கோட்டம் எடுத்த முழு வீலை அப்படியே மாட்டி கடையற அளவுக்கு பெரிய லேத் வேணும், தேடித்தான் பிடிக்கணும், ஆனா தேடுங்க. எவ்வளவு கம்மியா எடுக்க முடியுமோ அவ்வளவுதான் எடுக்கச் சொல்லணும். டிரம் பெருசானதும் பழைய ஷூ ஒட்டாது, அதனால தடிமனான லைனர் ஒட்டி, ஷூவை பிளேட்லயே வச்சு, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தகடு சொருகி, டிரம் அளவுக்கே கடையணும். தகட்டை எடுத்தா சுத்துறதுக்கு வேண்டிய இடைவெளி தானா கிடைச்சிடும். எனக்கு பிரேக் திரும்பி வந்தது இந்த ஒரு வேலையிலதான்.

அடுத்தது ரெண்டு கேமையும் இணைக்கிற அந்த லிங்க் ராடு. நிறைய பேர் இதைத் தொடறதே இல்ல. ராடை ஒரு பக்கம் கழட்டிட்டு, ரெண்டு கேம் லீவரையும் கையால திருப்பி ரெண்டு ஷூவும் டிரம்ல தொடற இடத்துல நிறுத்துங்க, அந்த நிலையில பின்னு தானா உள்ள போற நீளத்துக்கு ராடை அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஒரு ஷூ முந்திக்கிட்டா இன்னொண்ணு சும்மாதான் இருக்கும். அதோட, பிரேக் முழுசா பிடிச்சிருக்கும்போது கேபிளும் கேம் லீவரும் எல் மாதிரி 90 டிகிரில இருக்கணும், அதைத் தாண்டிப் போச்சுன்னா கையோட பலம் வீணாப்போகும்.

பிளேட்டை மாட்டும்போது ஆக்சில் நட்டை லூசா விட்டு, வீலை சுத்திவிட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு, பிடிச்சபடியே நட்டை டைட் பண்ணுங்க, அப்பதான் ஷூ நடுவுல உக்காரும். இன்னொரு ஆள் லீவரைப் பிடிச்சா சுலபம். கேம்ல ஒரு பொட்டு கிரீஸ் போதும், அதுக்கு மேல போனா லைனருக்குத்தான் போகும். கேபிள் பழசுன்னா யோசிக்காம மாத்திடுங்க, கேபிளோட வெளி உறை (அவுட்டர்) அமுங்கினா லீவர் ரப்பர் மாதிரி இருக்கும்.

புது லைனர் போட்ட முதல் 300 கிலோமீட்டர் நிதானமா, மிதமா பிடிச்சுப் பிடிச்சு ஓட்டுங்க, அப்புறம் மறுபடி அட்ஜஸ்ட் பண்ணுங்க. கொல்லிமலை மாதிரி 70 வளைவு இருக்கிற ரோட்டுல இறங்கும்போது கியரைக் குறைச்சு இன்ஜின்லயே பிடிங்க, சூடாகி டிரம் விரிஞ்சா லீவர் உள்ள போய்க்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு கேம் டிரம் முன்னாடி சுத்தும்போதுதான் ஷூவை தானா இழுத்து இறுக்கிக்கும், மேட்டுல நின்னு வண்டி பின்னாடி உருண்டா அது சரியா பிடிக்காது, அங்க கால் பிரேக்கை நம்புங்க.