முதியோர் சேவையில் முதுமாணி: காசு கட்டுமுன் விடும் பிழைகள்

"முதியோர் துறையில் மாஸ்டர்ஸ் செய்யப் போறன்" என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "முடிச்சபிறகு எந்தக் கதிரையில இருக்கப் போறீங்க?" என்பதைத்தான். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. கையில் வழுவழுப்பான கையேடு ஒன்று மட்டும் இருக்கும்.

முதல் பிழை, கெயார்கிவர் பயிற்சியையும் இதையும் ஒன்றென்று நினைப்பது. இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் பராமரிப்பு வேலைக்கு ஆள் போகிற காலம் என்பதால், முகவர்களும் இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க கெயார்கிவர் பயிற்சி பழக்கும். நல்ல தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுமாணியில் படிப்பது வேறு: ஓர் இல்லத்தின் வரவு செலவு, ஒரு பிரதேசத்துக்கான திட்டம், ஓய்வூதியக் கணக்கு, சட்டம். எது வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள்.

அடுத்தது பட்டத்தின் மட்டம். பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9 ஆம் மட்டம் 30 கிரெடிட் கொண்ட பாடநெறி முதுமாணி; 10 ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட். பெயர்ப் பலகையில் இரண்டும் மாஸ்டர்ஸ்தான். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி ஒரே வருடத்தில் முடித்துவிட்டுச் சந்தோஷமாக வந்தாள். கம்பஸில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அவளுடையது 9 என்று தெரிந்தது. சேர்த்துக்கொண்ட இடத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பட்டமென்றால், அந்த இடத்தை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதல் தவணை கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பாடத்திட்டம். பொஸ்டனிலுள்ள மசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதியோர் சேவை முகாமைத்துவத்துக்கென்றே முதுமாணி உண்டு. ஆனால் அமெரிக்கப் படிப்பென்றால் மெடிகெயார் (முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான மருத்துவ உதவி), முதிய அமெரிக்கர் சட்டம் எல்லாம் வராமல் இராது. மூன்றும் 1965 இல் வந்தவை, அந்த நாட்டுக்காக வந்தவை. திட்டமிடும் முறையை அங்கே கற்கலாம். இங்கே கிழக்கில், களுவாஞ்சிக்குடியிலோ திருக்கோவிலிலோ வேலை செய்ய வேண்டுமானால் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நீங்களாகத்தான் எடுத்து வாசிக்க வேண்டும். பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. கவனிக்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடவும் வழி வைத்திருக்கிறது. சமூக சேவையில் ஒரு பங்கு மாகாண சபையிடம், முதியோர் செயலகம் மத்தியிடம். இந்த இரட்டைக் கயிறு புரியாமல் எழுதும் திட்டம் மேசையை விட்டு நகராது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது ஆய்வுத் தலைப்புத்தான். பத்தில் ஏழு பேர் 'முதியோர் இல்லங்களில் உள்ளோரின் பிரச்சினைகள்' என்று வருவார்கள். ஒரே கட்டடத்தில் நாற்பது பேர் கிடைத்தால் வினாக்கொத்து இரண்டு நாளில் முடிந்துவிடும், அதுதான் காரணம். நம்முடைய முதியோர் பெரும்பாலும் இல்லத்தில் இல்லை, மகளின் வளவில் இருக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். தமிழரிடமும் அப்படித்தான், முஸ்லிம்களிடமும் அப்படித்தான். தாய் தகப்பன் கடைசி மகளோடு ஒதுங்குவார்கள். கொழும்பிலோ லண்டனிலோ எழுதிய வினாக்கொத்தில் இதற்கு இடமே இராது.

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு அம்மம்மாவிடம் போயிருந்தோம். கல்வீடு மகள் பெயரில், மகள் குவைத்தில். அம்மம்மா பின்பத்தியில் இரண்டு பேரப்பிள்ளைகளோடு. எங்கள் மாணவி தாளைப் பார்த்து, "உங்களைப் பராமரிப்பவர் யார்?" என்று வாசித்தாள். அம்மம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "என்னை ஆரு மனே பாக்கிறது? நான்தான் இவங்களப் பாக்கிறன்." தாளில் மகன், மகள், மற்றவர் என்று மூன்று பெட்டிகள். மாணவி 'மற்றவர்' என்பதில் புள்ளடி போட்டாள். அந்த ஆய்வில் அவர் பராமரிக்கப்படுகிற ஒருவராகவே பதிவானார்.

சின்னப் பிழைகளும் உண்டு. சிங்களம் தெரியாமலே கொழும்புச் செயலகத்தில் வேலை செய்துவிடலாம் என்ற நினைப்பு ஒன்று. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள் என்பதும், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் கடைசி வாரத்தில் தெரியவருவது இன்னொன்று.

விண்ணப்பக் கடிதத்தில் எல்லோரும் "சிறுவயதில் என் பாட்டி எனக்குக் கதை சொல்வார்" என்று தொடங்குகிறார்கள். தெரிவுக்குழுவில் இருப்பவர்களுக்கும் பாட்டிமார் இருந்திருப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள்: உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் முதியோர் அடையாள அட்டை இல்லாத எத்தனை பேரைக் கண்டீர்கள், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு என்ன சொன்னார்கள், அதில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தீர்கள்.