‘ஐரோப்பியச் சட்டம்’ என்று மட்டும் எழுதினால் போதாது: ஒப்பந்த வரையறையில் நேரும் தவறுகள்

“பொருந்தக்கூடிய ஐரோப்பியச் சட்டங்கள் அனைத்துக்கும் விற்பவர் கட்டுப்படுவார்.” திருப்பூர் பின்னலாடையானாலும் சென்னை மென்பொருளானாலும், ஐரோப்பிய வாடிக்கையாளர் அனுப்பும் ஒப்பந்தத்தில் இப்படியொரு வரி இருக்கலாம். இதில் ‘ஐரோப்பிய’ என்ற சொல்லே முதல் சிக்கல்.

ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகள் கொண்டது. அதன் நீதிமன்றம் லக்சம்பர்கில் இருக்கிறது. மனித உரிமை உடன்படிக்கையும் (1950) ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற, ஒன்றியத்தைச் சேராத வேறொரு அமைப்பைச் சேர்ந்தவை. ‘ஐரோப்பியச் சட்டம்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு இரண்டையும் உள்ளே இழுக்கலாம். நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றும் ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் வழியே ஒன்றியத்தின் சந்தை விதிகள் பல அங்கும் செல்லும். சரக்கு ஓஸ்லோவுக்கும் போகுமென்றால் அந்தப் பகுதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பிரிட்டன் இன்னும் தனி. ஒன்றியத்திலிருந்து விலகியதற்கான இடைக்காலம் 2020 டிசம்பர் 31-இல் முடிந்தபின் அங்கே தங்கிய ஒன்றிய விதிகள் இப்போது பிரிட்டனின் உள்நாட்டுச் சட்டம். வரையறையில் அதற்குத் தனி வரி தேவை.

மிக அதிகமாகத் தடுமாறும் இடம், ஒன்றியச் சட்டத்தின் இரு வடிவங்களான ஒழுங்குமுறைக்கும் (regulation) டைரக்டிவுக்கும் (directive) உள்ள வேறுபாடு. ஒன்றியச் செயல்பாட்டு உடன்படிக்கையின் 288-ஆம் பிரிவுப்படி, ஒழுங்குமுறை எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். டைரக்டிவ் அடைய வேண்டிய விளைவை மட்டும் கட்டாயமாக்கி, வழியை அந்தந்த நாட்டிடம் விடுகிறது. ஒரு தனியார் இன்னொரு தனியார் மீது டைரக்டிவை நேரடியாக ஏவ முடியாது என்பதை லக்சம்பர்க் நீதிமன்றம் 1994-இல் ஃபாச்சினி டோரி வழக்கில் உறுதி செய்தது. தாமதமாகப் பணம் செலுத்துவது பற்றிய 2011/7 டைரக்டிவைப் பாருங்கள்: ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி கேட்கிறது. ஜெர்மன் சிவில் சட்டமோ வணிகர்களுக்கிடையே தன் அடிப்படை வட்டிக்கு மேல் 9 புள்ளி என்கிறது. டைரக்டிவை மட்டும் குறிப்பிட்டால் எந்த வட்டி என்ற சண்டை உறுதி. ‘டைரக்டிவும், அதைச் செயல்படுத்த ஜெர்மனி இயற்றிய சட்டமும்’ என்று நாட்டோடு சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது காலம். எண்ணை மட்டும் போட்டு நிறுத்தினால், விதி மாறும்போது ஷரத்து அந்தரத்தில் நிற்கும். தனிநபர் தரவுகளை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப 2010-இல் வந்த மாதிரி ஷரத்துகள் 2021 செப்டம்பர் 27-இல் நீக்கப்பட்டன. அவற்றை ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் 2022 டிசம்பர் 27-க்குள் ஐரோப்பிய ஆணையத்தின் 2021/914 முடிவிலுள்ள புதிய வடிவுக்கு மாற வேண்டியிருந்தது.

‘அவ்வப்போது திருத்தப்பட்டபடி’ என்று சேர்ப்பது சரிதான். ஆனால் அந்த இரண்டு சொல் வருங்காலச் செலவு முழுவதையும் விற்பவர் தலையில் கட்டிவிடும். ரீச் எனப்படும் 1907/2006 ரசாயன ஒழுங்குமுறையில் கவலைக்குரிய பொருட்களின் பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நீள்கிறது. அதிலுள்ள பொருள் ஆடையின் துணி, பொத்தான், ஜிப் போன்ற ஏதேனும் ஓர் உறுப்பின் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் தகவல் தரும் கடமை வரும். ஆகவே வரையறையை விதியின் மாற்றங்களோடு நகரும்படி வைத்து, ‘கையெழுத்திட்ட நாளுக்குப் பின் வரும் மாற்றத்தால் ஏற்படும் சோதனைச் செலவை இன்னார் ஏற்பார்’ என்ற ஷரத்தைத் தனியாக வைக்க வேண்டும்.

வழிகாட்டிக் குறிப்புகளை வரையறைக்குள் பொதுவாக அள்ளிப் போடாதீர்கள். பரிந்துரைக்கும் கருத்துரைக்கும் கட்டாய வலு இல்லை என்று 288-ஆம் பிரிவே சொல்கிறது; ‘வழிகாட்டுதல் உட்பட’ என்ற சொற்களால் நீங்களே அவற்றைக் கடமையாக்கிவிடுவீர்கள்.

‘இந்த ஒப்பந்தத்தை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஆளும்’ என்பதும் வேண்டாம். ஒன்றியத்திடம் முழுமையான ஒப்பந்தச் சட்டம் இல்லை. ஒரு நாட்டின் சட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சார்க், ஆசியான் முடிவுகளையும் இதே வரையறைக்குள் சேர்க்காதீர்கள். அவை அரசுகளுக்கிடையேயான இணக்கங்கள். தனியாரை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை.

ஜெர்மன் வாடிக்கையாளருக்கு இப்படித் தொடங்கலாம்:

“‘ஒன்றியச் சட்டம்’ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கைகள், ஒழுங்குமுறைகள், டைரக்டிவ்கள், தரப்பினரைக் கட்டுப்படுத்தும் முடிவுகள், அவற்றைச் செயல்படுத்த ஜெர்மனி இயற்றிய சட்டங்கள் ஆகியவற்றை, அவ்வப்போது திருத்தப்பட்ட அல்லது பதிலீடு செய்யப்பட்ட வடிவில் குறிக்கும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் பிரிட்டனின் சட்டமும் இதில் அடங்கா.”

இதன்கீழ் உண்மையிலேயே பொருந்தும் விதிகளை எண்ணோடு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பட்டியலிடுங்கள். எண்ணை ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஒருங்கிணைந்த பிரதி படிக்க வசதியானது, ஆனால் அதற்குச் சட்ட வலு கிடையாது.